சிவப்புக்கு இரண்டு அர்த்தம்

அவள் வேலை பார்த்தது கொடி தைக்கும் கூடத்தில். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். நீலத்தையும் வெள்ளையையும் சிவப்பையும் இணைத்த பிறகு, காற்றில் படபடக்கும் ஓரத்தை மடித்து நாலு வரிசை தைப்பாள். முதலில் கிழிவது அந்த ஓரம்தான். நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

அந்தப் பேச்சைக் கொண்டுவந்தவன் அவள் கணவன். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன். பிழைப்புக்காகக் கப்பலேறி வந்து, அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகுதான் குடியுரிமைக்கு மனுப் போட்டான். நேர்காணலில் கொடியையும் அரசுச் சின்னத்தையும் பற்றிக் கேட்பார்களாம். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தார்கள்.

சின்னத்தில் ஒரு கேடயம். அதை ஒருபுறம் மானும் மறுபுறம் கொக்கும் தாங்கி நின்றன.

“மான் மலைக்காரங்களாம், கொக்கு கடற்கரைக்காரங்களாம். ஒரு காலத்துல அடிச்சுக்கிட்டவங்க. இப்ப ஒருத்தர் கைய விட்டாலும் கேடயம் விழுந்துடுமாம்,” என்றாள்.

“அப்போ நீ மான், நான் கொக்கு.”

“இந்தத் தொப்பையோடயா? கொக்கு கோவிச்சுக்கும்.”

சிரித்தான். ஆனால் கொடிக்கு வந்ததும் தடுமாறினான். சிவப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் “விடியல்” என்றான்.

“ரத்தம்ங்க! நாட்டுக்காக உயிரை விட்டவங்க சிந்தின ரத்தம். எத்தனை தடவை சொல்றது?”

அவன் முகம் வாடியது. “எங்க நாட்டுக் கொடியில சிவப்புன்னா விடியல். பள்ளிக்கூடத்துல தினமும் சொல்லிச் சொல்லி நாக்குல ஒட்டிக்கிச்சு. அதை மறக்கணும்னா அப்பா அம்மாவையும் சேர்த்து மறக்கற மாதிரி இருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் நாட்டுக் கொடி எப்படியிருக்கும் என்று அவள் கேட்டதே இல்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எதுக்கு மறக்கணும்? மொதல்ல அதைச் சொல்லுங்க.”

மேலே சிவப்பு, கீழே பச்சை, நடுவில் ஒரு மரம் என்றான். தூரதேசம் போனவர்களும் தங்கள் வேரை மறக்கக்கூடாது என்று வேர்களை வெளியே தெரியும்படி வரைந்திருப்பார்களாம். சொல்லச் சொல்ல அவன் குரல் தெளிந்தது.

“அவ்வளவு வேரையும் எப்படித்தான் தைக்கிறாங்களோ! பாவம்,” என்றாள் அவள்.

நேர்காணலில் அதிகாரியம்மா சிவப்பைத்தான் கேட்டார்.

“இங்க ரத்தம்ங்க. நான் பொறந்த எடத்துல விடியல்,” என்றான்.

“நான் கேட்டது ஒண்ணுதான். பரவாயில்ல, ரெண்டையும் வச்சுக்கங்க,” என்று புன்னகையோடு குறித்துக்கொண்டார்.

உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவன் ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். “அப்போ நீ இனிமே எங்க ஆளு இல்லையாடா?” என்றாள் அக்கா.

கூட வந்திருந்த மனைவிக்கும் அது கேட்டது; போனை வாங்கினாள். “அண்ணி, உங்க தம்பி எங்கயும் போகல. கூட என்னையும் சேர்த்துக்கங்க, அவ்வளவுதான்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்போ அடுத்த லீவுக்கு ரெண்டு பேரும் வந்து சேருங்க.”

அந்த லீவுக்கே கப்பலேறினார்கள். அக்கா துறைமுகத்துக்கே வந்து காத்திருந்தாள். தம்பியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல, முதலில் அவளைத்தான் கட்டிக்கொண்டாள்.