மிசினுக்கு ஒரு பங்கு

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் வாடகைக்கு இடம் எடுத்துத் தைத்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். பிள்ளை இல்லை. மிசின் அவருடைய அப்பா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. காலால் மிதிக்கிற பழைய மிசின். கீழே வார்ப்பிரும்புக் கால், மேலே தேக்குப் பலகை. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். நான் காஜா எடுப்பேன், பட்டன் கட்டுவேன். மிசினில் உட்கார்ந்தது இல்லை. அவர் எழுந்தால்தானே நான் உட்கார.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் போய்விட்டார். நயா பைசா வந்த புதிது அது. காலையில் ஏதோ கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உலை வைத்திருந்தேன். மிசின் சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தேன். தலை பலகை மேல் கிடந்தது. கால் மிதியில் இருந்தது. வைத்தியர் வந்து, மாரடைப்பு என்றார்.

கடைத்தெருவில் வேறு சொன்னார்கள். அது ஆளை வாங்கின மிசின் என்றார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் வெட்டியது வெட்டினபடி துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குள்ளேயும் அந்தப் பேச்சு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

திருக்கோகர்ணத்திலிருந்து என் தம்பி வந்தான்.

"தனியா இங்க கெடந்து என்னக்கா செய்யப்போற? எங்க வீட்டுக்கு வந்துரு."

"வாரேன். மிசினு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அது வேணாங்க்கா. வீட்ல பொண்ணு இருக்கு. எடம் பாத்துக்கிட்டு இருக்கோம். அவ பயப்படுறா."

அவ என்றது அவன் பெண்டாட்டியை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்கள். கட்டிடக்காரரும் தை பிறந்ததும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதனால் தைக்குள் மிசினுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும். அது போகாமல் நான் போக முடியாது.

பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"சம்மட்டியால ரெண்டு போடு போட்டாத்தான் வண்டியில ஏறும்" என்றார்.

"ஒடைக்கிறதுக்கு ஒங்கள எதுக்குக் கூப்பிடணும்? போங்க" என்றேன்.

அறந்தாங்கியிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தேனாட்டம் ஓடுதுங்க. நாளைக்கே வண்டி கொண்டாரேன்."

சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார். கிளாஸ் கையில் இருக்க, அப்படியே திரும்பி வந்தார்.

"ஏங்க, ஒங்க வீட்டுக்காரரு எங்க வச்சுப் போனாரு?"

"நீங்க இப்ப ஒக்காந்து எந்திரிச்ச எடத்துல."

கிளாஸைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போனார். பாதி டீ அதில் இருந்தது. கிளாஸை நான்தான் கழுவி டீக்கடையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மார்கழி முழுக்க மிசினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதி பூசைக்கு அவர் வைத்த சந்தனம் அதன் மேல் காய்ந்து கிடந்தது. அதைத் துடைக்கவில்லை.

சந்தை நாளில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு கருவாட்டுக்காரி வருவாள். வாயாடி. என்னைவிடச் சின்னவள். எங்கள் வாசலில் கூடையை இறக்கித்தான் தண்ணீர் குடிப்பாள். மார்கழியில் ஒரு சந்தை அன்றைக்கு அவள் கண் மிசின் மேல் போயிற்று.

"அக்கா, இது கனத்த துணி தைக்குமா?"

"என்ன துணி?"

"பாயிக்கா. வள்ளத்துப் பாயி. காடாத்துணி. எம் புருசன் கோணி ஊசிய வச்சுக்கிட்டு கையால குத்திக்கிட்டுக் கெடக்காரு. கண்ணும் தெரியல. நாலு தையலுக்கு ஒரு தையல் வெரல்ல போடுறாரு."

"கனத்த ஊசி போட்டா தைக்கும். ஆனா ஒனக்குத் தெரியாதா? இதுல ஒக்காந்துதான் அவரு போனாரு. ஆளை வாங்குன மிசினுங்குறாங்க."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"எங்க மாமனாரு வள்ளத்துலயே போயிட்டாரு. கரைக்குக் கொண்டாந்து எறக்குனோம். காரியம் முடிஞ்சுச்சு. எம் புருசன் அதே வள்ளத்தைத் தள்ளிக்கிட்டுக் கடலுக்குப் போனாரு. ஆளு போன வள்ளத்தை எல்லாம் ஒடைச்சா, எங்க ஊர்ல ஒரு வள்ளம் மிஞ்சுமா? வெலையச் சொல்லுங்கக்கா."

"வெலை வேணாம். ஒடைக்காம ஓட்டு. அது போதும்."

"சும்மா வாங்குனா கடல்ல ஆகாதுக்கா."

"பெறகு பாத்துக்கலாம்."

கருவாடு ஏற்றி வருகிற மாட்டு வண்டி திரும்பும்போது வைக்கோல் ஏற்றிப் போகும். அடுத்த சந்தைக்கு அந்த வண்டியைக் கூட்டி வந்தாள். வைக்கோலுக்கு நடுவே மிசினை ஏற்றினார்கள். கைச்சக்கரத்தை நம் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தேங்காய் எண்ணெய் விடாதே, பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும் என்றேன். வீட்டில் இருந்த குங்குமச் சிமிழையும் அவளிடம் கொடுத்தேன். பூசைக்கு அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். எனக்கு இனி எதற்கு.

வண்டி தெருமுனை தாண்டியதும் இடத்தைக் கூட்டினேன். மிசின் நின்ற இடத்தில் தரை நாலு மூலையிலும் குழிந்திருந்தது.

தம்பி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. சோறு வைத்தார்கள். கோயில் பக்கத்தில்தான் வீடு. பொண்ணுக்குக் கூந்தல் பின்னி விடுவேன். ஆனால் ஆனியில் காற்றுப் பிடித்தது. கிழக்கே கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பவில்லை என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மிசின் தைத்த பாய் அல்லவா. தையல் விட்டால் பாய் கிழியும். பாய் கிழிந்தால் வள்ளம் திரும்பாது. அறிந்து கொடுத்தோமே, ஒரு வீட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று இருந்தது.

"ஜெகதாப்பட்டினம் போயிட்டு வாரேன்" என்றேன்.

"வருசம் திரும்பலையே அண்ணி, அதுக்குள்ள வெளிய போகலாமா?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"போகக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன். கருவாட்டுக்காரி வீடு எது என்று கேட்டால், அந்த ஊரில் பாதிப் பேர் கருவாட்டுக்காரிகள். தையல் மிசின் இருக்கிற வீடு என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம் கை காட்டினார்கள்.

மணலில் நடந்தேன். வீடு தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. அது எங்கள் மிசினின் சத்தம். அவர் போன அன்றைக்கு அது நின்றதைத்தான் கேட்டேன். இப்போது ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

கீற்றுக் கொட்டகைக்குள் மிசின். மணலில் புதையாமல் இருக்கப் பழைய வள்ளத்துப் பலகை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மிதிக்கிறவள் அவள். எதிரே அவள் புருசன் பாயைத் தோளில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா! வாங்க வாங்க. என்ன இப்படி எளைச்சுட்டீங்க?"

"நீயா ஓட்டுற?"

"இவரு மிதிச்சா பின்னால ஓடுது. துடுப்பு வலிக்கிற புத்தி. காலால ஒதைச்சுத் தள்ளத்தான் தெரியும். மூணு ஊசிய முறிச்சாரு. எந்திரிய்யான்னுட்டு நான் ஒக்காந்துட்டேன்."

அவர் சிரித்தார். பேச்சு அவருக்கு வராது போல.

மிசின் காலில் கையை வைத்தேன். வழுவழுவென்று இருந்தது. துரு இல்லை. கையை முகர்ந்தேன். ஒரே நாற்றம். முந்தானையில் துடைத்தேன்.

"சுறா எண்ணெய்க்கா. வள்ளத்துக்கு அடிக்கிறதைக் காலுக்கும் அடிச்சுட்டோம். உப்புக் காத்து என்ன, துரு என்ன, ஒண்ணும் ஒட்டாது. மனுசனே கிட்ட ஒட்ட மாட்டான். மேலே மிசின் எண்ணெய்தான், நீங்க சொன்ன மாதிரி."

"காத்து அடிச்சுச்சே. அன்னைக்கு?"

அவர் பேசினார்.

"கடல்லதான் இருந்தேங்க. பாயில பழைய துணி கிழிஞ்சது. தையல் விடல. அத வச்சுத்தான் கரைக்கு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். அங்கேயே உட்கார்ந்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது அவள் ஒரு ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நிறையக் கருவாடு. நெய்மீன், வாளை, திருக்கை என்று கலந்து கிடந்தது.

"எதுக்கு இது?"

"ஒங்க பங்குக்கா. மீன்பாடு வந்தா வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பெறகு ஆளுகளுக்கு. இப்ப மிசினுக்கும் ஒரு மீனு எடுத்துப் போடுறோம். மிசினு மீனா திங்கும்? ஒங்களுக்குன்னு காயப் போட்டு வச்சேன். ஆவுடையார்கோவிலுக்கு வந்தா நீங்க இல்ல. எங்கிட்டுப் போயிக் குடுக்குறது?"

மறுக்கவில்லை. பங்கை மறுக்கக் கூடாதாம்.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பிடித்தார். "யாரும்மா அது? பெட்டிய மேல ஏத்துங்க, இல்லாட்டி நான் எறங்கிக்கிறேன்" என்றார். மேலே ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அடுப்படியில் வைத்தேன். தம்பி பெண்டாட்டி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இம்புட்டா? எங்கிட்டு வாங்குனீங்க அண்ணி?"

"வாங்கல. மிசினு குடுத்துச்சு."

நடந்ததைச் சொன்னேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாளைக் கருவாட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"மாங்காய் கெடக்கு. போட்டுக் கொழம்பு வைக்கவா?"

"வை" என்றேன்.

பொண்ணு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் வாங்கினேன்.