என் வீட்டுக்காரர் வாய் திறக்காத மாலை

என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டுவது தொழில். ஆனால் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். பழைய வேன் ஒன்றில் நாற்காலியும் கண்ணாடியும் பொருத்தி, நடமாட முடியாதவர்களைத் தேடிப் போய் வெட்டுகிறோம். அவர் வெட்டுவார், நான் துண்டு போர்த்திக் கூட்டிப் பெருக்குவேன். படுக்கையில் கிடப்பவரிடம் ஊர் வம்பு முழுக்க ஒப்பித்த பிறகுதான் மனிதர் கத்தரியையே எடுப்பார்.

போலீஸிடமும் அதே கதைதான். முன்பு ஒருவர் நிறுத்தி, "எங்கேருந்து வர்றீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். போனில் பேசிக்கொண்டே ஓட்டியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது எல்லாவற்றையும் இவரே கொட்டிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்; எங்கள் வீட்டில் அது வேனே ஓட்டுகிறது! அபராதத்தோடு, இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் ரத்து என்று எச்சரிக்கை வேறு. லைசென்ஸ் போனால் வேன் நிற்கும். வேன் நின்றால் எங்கள் அடுப்பு எரியாது.

வக்கீலாக இருக்கும் என் தங்கை அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"மாமா, லைசென்ஸ் கேட்டா காட்டுங்க. குடிச்சிருக்கீங்களான்னு பாக்க ஊதச் சொன்னா ஊதுங்க, ஆனா புதுக் குழாய் போடச் சொல்லுங்க. அளவு தப்புன்னு தோணுனா மறுபடியும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. மத்தபடி கதை அளக்காதீங்க. பேசாம இருக்கறது உங்க உரிமை."

கடைசி வரிதான் அவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல் ஏறியது.

அன்று சாயங்காலம் ஒரு நோயாளிக்கு முடி வெட்ட மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். முகத்துக்கு நேரே குனிகிற தொழில் என்பதால், ஒவ்வொருவரிடம் போகும் முன்னும் பாட்டில் மருந்தால் வாய் கொப்பளிப்பார். சிக்னலில் கொப்பளித்துத் துப்பினார். அடுத்த வளைவிலேயே தடுப்பு. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் சோதனை.

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு கருவியை நீட்டினார். இவர் சைகையிலேயே புதுக் குழாய் கேட்டு வாங்கி ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எவ்வளவு குடிச்சீங்க?"

இவர் கூரையைப் பார்த்தார்.

"அட, வாய்ல வாசனை வருதே! என்ன அது?"

உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்ட, இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏங்க, வாய் கொப்பளிச்சதைச் சொல்லுங்களேன்!" என்று கத்தினேன்.

"உரிமை" என்று கிசுகிசுத்தார்.

"உரிமையாம் உரிமை! ஊர் வம்பெல்லாம் பேசுவீங்க, உருப்படியா ஒண்ணு பேச வாய் வராதா?" பாட்டிலை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். "சார், இதுல ஆல்கஹால் இருக்கு, மேலயே போட்டிருக்கு பாருங்க. இப்பத்தான் கொப்பளிச்சாரு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சோதிங்க. அது வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டாரு."

அவர் பாட்டிலைப் படித்தார், முகர்ந்தார். "சரி, உக்காருங்க. கேட்டா செஞ்சுதானே ஆகணும்" என்றார்.

காத்திருந்தோம். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், இவரோ இன்ஸ்பெக்டரின் காதோரத்தையே வெறிக்கிறார். கடைசியில் தாங்கவில்லை.

"சார், இது கேஸுக்குச் சம்பந்தமில்ல. உங்க இடது கிருதா கோணலா இருக்கு. எந்தப் பாவி வெட்டுனான்?"

நறுக்கென்று கிள்ளினேன்.

"என் மச்சான்" என்றார் இன்ஸ்பெக்டர், கிருதாவைத் தடவிக்கொண்டே.

இவர் மறுபடி ஊதினார். சுத்தமாகப் பூஜ்யம். லைசென்ஸ் கைக்கு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

வேன் கிளம்பியது. இவர் மூச்சுவிடவில்லை. ஒரு தெரு போனது, இரண்டு தெரு போனது. எனக்குப் பயம் பிடித்தது.

"எல்லாம் முடிஞ்சு போச்சே, ஏதாச்சும் பேசித் தொலைங்களேன்!"

ஓரமாக நிறுத்தினார். லைசென்ஸை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"லைசென்ஸ் போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? நாள் பூரா வீட்ல உக்காந்து யாருகிட்ட பேசுவேன்?"

"ஏன், நான் ஒருத்தி இல்லையா?"

"நீ எங்க பேச விடுற?"

சுருக்கென்றது. "சரி, வண்டிய எடுங்க, பேசிக்கிட்டே போவோம்" என்றேன். மருத்துவமனை வாசல் வரை அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.