சுமைதாங்கிக்கு வெள்ளையடித்த வருடம்

சூறாவளி அடித்துப்போன பிறகு வந்த மாதங்களில் கல்முனை பாதித் தூக்கத்தில் கிடப்பதுபோலவே எனக்குத் தோன்றும். தென்னைகள் விழுந்துபோனதால் கடல் வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. முன்பு காதில் விழாத அலைச்சத்தம் மத்தியானத்திலும் கேட்டது. "வானம் கூடிப்போச்சு," என்று ராத்தா ஒருநாள் முற்றத்தில் நின்று சொன்னார். சரியாகத்தான் சொன்னார். தலைக்கு மேலே இருந்த ஓலையெல்லாம் போய், வெளிச்சம் ஒரு தண்ணீரைப்போல ஊருக்குள் நிரம்பி நின்றது.

ராத்தா என் மூத்த சகோதரி. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அவர் பெயருக்குப் போய், அவருடைய கணவர் கலியாணத்தோடு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். நான் மச்சான் என்று கூப்பிடும் அவர் மருதமுனை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்காரும் பொறுமை இல்லை. கல்முனை பஸாரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தேன். வீடு ஊரின் மேற்குக் கரையில், வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது.

விழுந்த மரங்கள் பெரிய ரோட்டை அடைத்துக் கிடந்த நாட்களில் சனம் வேறொரு வழியால் நடந்தது. கடற்கரையிலிருந்து ஊருக்குள்ளால் வந்து, வயல்வெளியை ஊடறுத்து, களப்பு என்று நாங்கள் சொல்லும் உப்பங்கழியின் கரையில் ஒரு பழைய தோணித்துறையில் போய் முடிகிற ஒற்றையடிப் பாதை அது. முன்னொரு காலத்தில் கருவாட்டையும் தறியில் நெய்த சாரங்களையும் தலையில் சுமந்துபோனவர்கள் நெல்லோடு திரும்பிய வழி. ரோட்டைத் துப்புரவாக்கியதும் எல்லோரும் அதை மறந்தார்கள். மறக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மச்சான். மற்றவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு கிளாக்கர். காணிக் கந்தோரில் எழுத்தர் வேலை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த இடத்தில் இரண்டு பேரும் அந்த வழியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கடை பூட்டும் நேரம்வரைக்கும் கதைத்திருக்கிறார்கள்.

அப்படித்தான் சங்கம் உண்டானது. அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்துப் பதிவும் செய்தோம். ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "வழிக்காரர் போறாங்க," என்றார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர். வேலிகள் பாதையை விழுங்கிய இடங்களில் காணிக்காரரோடு கதைத்து ஆளொருவர் நடக்கும் அகலத்துக்கு வழி வாங்குவோம். தூர்ந்துபோன கிணறுகளை இறைப்போம். களப்போரத்துக் கண்டல் மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்போம். பாதையை அளந்து படம் வரைவது என் பொறுப்பு.

சனிக்கிழமைகளில் அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்படுவோம். வயல்மேல் பனிப்புகை கிடக்கும். முன்னால் போகிறவரின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மிதந்து போவதுபோலப் போவார். கொக்குகள் எழும்பும் சத்தம் கேட்கும், கொக்கு தெரியாது. அந்த நேரத்தில் யாரும் உரக்கக் கதைப்பதில்லை. நான் நடக்கிறேனா, பாதை என்னைக் கொண்டு போகிறதா என்று எனக்கே தெரியாமல் போகும். களப்பின் தண்ணீர் மினுங்கத் தொடங்கும்போதுதான் உடம்பு திரும்பி வரும்.

ஒரு சனிக்கிழமை, துறைக்குச் சற்று முன்பாக விழுந்து கிடந்த ஒரு பெரிய மருத மரத்தை வெட்டி அகற்றினோம். அதன் கீழே கல். நெஞ்சு உயரத்தில் இரண்டு கற்கள் நிற்க, அவற்றின்மேல் குறுக்கே ஒரு நீண்ட பலகைக்கல் கிடந்தது. மரம் விழுந்தும் அது அசையவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு கிளாக்கர் மச்சானிடம் சொன்னார்; அண்ணன் என்ற அர்த்தத்தில் எங்கள் வழக்கப்படி காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவார். "அது சுமைதாங்கி, காக்கா. தலைச்சுமையோட வாறவன் குனியாம இறக்கி வைக்கிறதுக்கு. ஆனா சும்மா கட்டுறதில்ல. வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பிளைக்காகக் கட்டுறது. அவள் இறக்காத சுமையை வழியில போறவன் இறக்கட்டும் எண்டு."

"ஆருக்குக் கட்டினதெண்டு இரிக்கா?" என்று மச்சான் கேட்டார்.

"எழுத்து ஒண்டும் இல்லையே. ஆரோ ஒரு பிள்ளை."

ராத்தா தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவர், தட்டோடு அப்படியே நின்றார். அப்போது அவர் வயிற்றில் பிள்ளை. அதற்கு முன்பு இரண்டு தங்காமல் போயிருந்தன. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூரையில் தொட்டில் கட்டும் வளைமரத்தைக்கூட யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இருக்கவில்லை. பச்சை வயலுக்கும் களப்புக்கும் நடுவே அது பளிச்சென்று நின்றது. சந்தோசமாக வீட்டுக்கு வந்தோம்.

பிறகு ஒரு சனிக்கிழமை போனபோது கல்லின்மேல் ஒரு குப்பி விளக்கு இருந்தது. அதற்கடுத்த முறை ஒரு கம்பில் பச்சைக் கொடி கட்டியிருந்தது. அதற்கும் பிறகு சாம்பிராணிச் சாம்பல், செவ்வரத்தம்பூ, யாரோ உடைத்த தேங்காயின் பாதி. பூவையும் தேங்காயையும் பார்த்துவிட்டுக் கிளாக்கர் தலையைச் சொறிந்தார். "இது எங்கட ஆக்கள்ற வேலை," என்றார். "கொடி எங்கட ஆக்கள்ற," என்றார் மச்சான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அதிக காலம் நிற்கவில்லை. மச்சானின் கடைக்கே கதை வந்துவிட்டது. டியூப் ஒட்ட வந்த ஒருவர், கடலால் நடந்துவந்த ஒரு அவுலியா, அல்லாஹ்வின் நேசர், அந்த இடத்தில் அடங்கியிருக்கிறார் என்றும், வழிக்காரருக்குக் கனவில் காட்டித்தான் மரத்தை வெட்டினார்கள் என்றும் மச்சானிடமே சொல்லியிருக்கிறார். "எனக்குக் கனவே வாறல்ல," என்று மச்சான் சொன்னதை அவர் நம்பவில்லை. பெண்கள் நேர்ச்சையோடு போகத் தொடங்கினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவரான பெரிய மரைக்கார் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வருவதாகவும், அதற்கு முன் கொடியை இறக்கிவிட வேண்டும் என்றும் செய்தி.

வியாழன் பின்னேரம் மச்சானும் நானும் போனோம். வெயில் சாய்ந்து வயல் முழுக்கத் தேன்நிறமாக இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முக்காட்டின் கரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் என்னைவிட முன்னமே அறிந்திருக்க வேண்டும். அவருடைய நடை நின்றுவிட்டது.

மாமி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன ராத்தா அங்கே இருந்தார். எங்களைக் கண்டு பதறவில்லை. ஓதிக்கொண்டிருந்ததை முடித்து, கையை முகத்தில் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீயா?" என்றார் மச்சான்.

"நான் ஒண்டும் கேக்க வரல்ல," என்றார் ராத்தா. "கிளாக்கர் சொன்னதிலிருந்து அவ என்ட மனசிலதான் இரிக்கா. அவக்கு ஆரும் ஓதியிருக்க மாட்டாங்க எண்டு நெனச்சன். அதான் வந்து ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுப் போறன்."

"அவ ஆரெண்டு தெரியுமா? முஸ்லிமா தமிழா எண்டாவது தெரியுமா?"

"தெரியா. வயித்துப் புள்ளயோட போனவ. அது தெரியும்."

மச்சான் வரம்பில் குந்திக்கொண்டார்.  பிறகு, "அந்த விளக்கு?" என்றார்.

"மழையிருட்டா இருந்த ஒரு நாள் விளக்கோட வந்தன். போகக்குள்ள, தோணியால ஒரு வயசான மனிசன் இறங்கி வந்தாரு. அவருக்கு வெளிச்சமா இரிக்கட்டும் எண்டு கல்லுல வச்சிட்டுப் போனன். மறுகா வந்து பாத்தா கொடியும் நிக்கிது."

மச்சான் எழுந்து கொடியை அவிழ்த்தார். அதை எறியவில்லை, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது ராத்தா நடுவில் நடந்தார். பாதை ஒருவருக்கு மட்டுமே இடம் தந்ததால் மச்சான் வயலுக்குள் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய அவருக்குப் பக்கத்திலேயே வந்தார். தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன.  எனக்கு நினைவிருக்கும் வழிகளில் அதுபோல இலேசாக நடந்த வழி வேறில்லை.

வெள்ளிக்கிழமை மரைக்கார் வந்தார். உயரமான மனிதர், குரல் கனத்தது. ஹோலில் உட்கார்ந்ததும், "அல்லாஹ்வுக்கு இணையா ஒரு கல்ல வச்சு ஊருல ஷிர்க்க வளக்கிறீங்களா தம்பி?" என்று தொடங்கினார். "ஆரு இந்த வேலையத் தொடங்கின?"

"என்ட வீட்டுக்காரிதான் விளக்கு வச்ச," என்றார் மச்சான். அவர் அப்படி நேராகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. தேநீர்த் தட்டை மரைக்காருக்கு முன்னால் வைத்தேன்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. தோணிக்கார மனிதருக்கு விளக்கு வைத்ததையும், யாருக்காக ஓதினார் என்பதையும் முந்தினநாள் சொன்னதுபோலவே சொன்னார்.  "நான் கல்லுக்கிட்டக் கேக்கல்ல மரைக்கார். கேக்கிறத அல்லாஹ்விட்டத்தான் கேட்டன்."

மரைக்கார் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த மகள் ஓதினதுல நான் கை வைக்க மாட்டன்," என்றார் கடைசியாக. "அது அவக்கும் படைச்சவனுக்கும். ஆனா ஊர் இத அவுலியா அடங்கின கபுறு எண்டு நெனக்கிது. அதுக்கு நீங்கதான் பொறுப்பு. வெள்ளையடிச்சவங்க நீங்க. என்ன கல்லெண்டு எழுதி வைங்க. எல்லாரும் வாசிக்கிற மாதிரி."

கிளாக்கர்தான் எழுதினார். தேக்கம் பலகையில், கறுப்பு வர்ணத்தில்: "இது சுமைதாங்கி. இங்கே ஒருவரும் அடக்கம் செய்யப்படவில்லை. வழிப்போக்கர் சுமையை இறக்கி இளைப்பாறலாம்." கபுறு இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் குறைந்தது. சிலர் எங்கள்மேல் கோபப்பட்டார்கள். ஒரு அவுலியாவை இல்லாமலாக்கிவிட்டோம் என்று கடைக்கு வராமல் விட்டவர்களும் உண்டு. ஆனால் வயலுக்குச் சோறு கொண்டுபோகும் பெண்களும், துறையிலிருந்து மீன்கூடையோடு வருகிறவர்களும் உண்மையாகவே அந்தக் கல்லில் சுமையை இறக்கத் தொடங்கினார்கள். அத்தனை காலமும் வேலையில்லாமல் நின்ற கல் அது.

சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க மரைக்கார் ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்தார். அடுத்த வாரமும் வந்தார். அதற்குப் பிறகு அவர் கல்லைப் பார்க்கவேயில்லை; களப்பில் நிற்கும் பறவைகளைத்தான் பார்த்தார். கண்டல் வெட்ட வந்த ஒருவரை அவருடைய கனத்த குரலில் ஒரே அதட்டலில் திருப்பியனுப்பினார். நாங்கள் மாதக்கணக்காகக் கெஞ்சியும் நடக்காத காரியம்.

ராத்தாவுக்கு மழைக்காலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. கிளாக்கரின் மனைவி பாண்டிருப்பிலிருந்து பிள்ளைப்பெற்றவர்களுக்கான சரக்கு அரைத்துப் பொதி கட்டி அனுப்பினார். தொட்டிலைக் கட்ட ஏணியில் ஏறிய மச்சான், கயிற்றை முடிந்த பிறகும் இறங்காமல் வளையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பார்க்காததுபோல இருந்தோம்.

சில வருடங்கள் அப்படியே போயின. பிறகு எண்பதுகளின் நடுவில் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் கலவரம் வந்து காலம் கெட்டது. பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த தூரம் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் சில மாதங்களில் அதைக் கடக்க முடியாமல் போனது. சனிக்கிழமை நடை நின்றது. கிளாக்கர் கடைக்கு வருவதும் நின்றது. மச்சான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், போகக்கூடிய நாட்களில் போகக்கூடிய தூரம்வரை, எங்கள் பக்கத்துப் பாதையில் புல்லைச் செருக்கிவிட்டு வருவார். வாய்க்கால் மதகைத் தாண்டிப் போக மாட்டார்.

இடையில் சில கிழமைகள் அமைதியாக இருந்தன. ஒரு காலையில் ராத்தா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க, ஒருக்காப் போய்ப் பாப்பம்," என்றார். நாலு பேரும் போனோம். மதகுவரைக்கும் பாதை துப்புரவு. அதற்கப்பால் இடுப்பளவு புல். பனிக்குள் புல்லை விலக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனபோது மறுபடியும் காலடியில் வெறும் மண் தட்டுப்பட்டது. யாரோ சீராக வெட்டியிருந்தார்கள். பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வந்துசேரும் கிளைப்பாதையும் அப்படியே சுத்தமாக இருந்தது. அங்கே, வெட்டுக்கத்தியைக் கையில் தொங்கவிட்டபடி, நரைத்துப்போயிருந்த கிளாக்கர் நின்றார்.

மச்சான் அவருக்குக் கிட்டப் போனார்.

"காக்கா, உங்கட பக்கம் எப்பிடி?" என்றார் கிளாக்கர்.

"நல்லா இரிக்கி. நடுவுலதான் புல்லு."

"ஓம். அதுக்குத்தான் கத்திய தீட்டிக்கொண்டு வந்தனான்."

மச்சான் சாரத்தை மடித்துக் கட்டினார். ராத்தா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, வெட்டி விழுந்த புல்லைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கத் தொடங்கினார். வெயில் ஏறும்வரைக்கும் அங்கேயே இருந்தோம்.