கயிறு அறுந்த காட்சி

வெள்ளத்தை வைத்துப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்து அப்பாவைக் கொண்டுபோய் முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் டிக்கெட் போட்டு விற்கப்போகிறார்களாக்கும்! வரட்டும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டு அனுப்பலாம் என்றிருந்தேன்.

வந்த டைரக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா போட்டோ முன்னால் போய்க் கைகூப்பிக் கும்பிட்டார். அதிலேயே என் கோபம் பாதி போய்விட்டது. "எப்படி நடந்துச்சு டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பொய் சொன்னது.

"இடுப்புல கயிறு கட்டி மாடிக்குத் தூக்கினோம். கயிறு அறுந்துபோச்சு."

கயிறே கிடையாது. கணுக்கால் அளவு தண்ணீர் வந்தபோது, நடமாட்டமில்லாமல் கட்டிலில் கிடந்த அப்பா, "ஏலே, வெத நெல்ல மொதல்ல ஏத்துங்கலே. எனக்கென்ன, கட்டில்லதான கெடக்கேன்" என்றார். விதை நனைந்தால் அடுத்த சாகுபடி போச்சு. எங்கள் ஊரில் எந்த வீடும் அதைத்தான் செய்திருக்கும். தம்பியும் நானும் மூட்டை மூட்டையாக மாடிக்கு ஏற்றினோம். கடைசி மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பினால், குளத்தங்கரை உடைந்து பாதிப் படிக்கட்டு தண்ணீருக்குள். தம்பி குதித்தான். கட்டில் மட்டும்தான் மிதந்தது.

படப்பிடிப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. கதாநாயகன் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கதறியதைத் தம்பி ஓரமாக நின்று பார்த்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. நேரே போய் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

டைரக்டர் கண் கலங்கி என்னிடம் வந்தார். "ஹீரோ மூட்டையைத் தூக்கிட்டு அப்பாவை விட்டுட்டார்னா படம் ஓடாது டீச்சர், ஒத்துக்கறேன். அதை விடுங்க. பார்க்கிறவங்க எல்லாம் உங்க தம்பியைத்தான் திட்டுவாங்க. கயிறே இருக்கட்டுமா?"

பாவம், நல்ல மனுஷன். கேட்காமலே எடுத்திருக்கலாம். "இருக்கட்டும்" என்றேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தூத்துக்குடி தியேட்டரில் போய்ப் பார்த்தோம். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்தவர்கள்கூட விம்மினார்கள். திரையில் அப்பாவாக நடித்தவர், "என்னை விட்டுருய்யா, நீயாவது பொழைச்சுக்கோ" என்று சொல்லி மூழ்கினார். பின்சீட்டில் ஒரு அம்மா, "ஏளா, மவன்னா இப்பிடில்லா இருக்கணும்" என்று மூக்கைச் சிந்தினாள். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

பின்னாலேயே ஓடி, பைக் நிற்கிற இடத்தில் பிடித்தேன். "ஒன்னைய ஒருத்தரும் ஏசக்கூடாதுன்னுதாம்லே அப்பிடிச் சொன்னேன்."

"ஏசுனா ஏசிட்டுப் போறான் எக்கா. அப்பா கடைசியாப் பேசுனது நெல்லப் பத்தி. அத நாம ரெண்டு பேருந்தான கேட்டோம்? அத எடுத்துட்டு, எவனோ எழுதுனத அவரு வாயில வச்சுட்டீயளே!"

அன்றைக்கு எனக்கு அது முழுசாக உறைக்கவில்லை. போன வாரம் அப்பாவின் திதிக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முதலில் வந்தது அந்த நடிகரின் வசனம்.