எங்கள் வீட்டில் மட்டும் போன கரண்ட்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கரண்ட் போவது நின்றுவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் நிற்கவில்லை. இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் அம்மாவின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அம்மா பிளக்ஸ் டிசைன் போடுவாள். மதுரைப் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தினாலும் பிளக்ஸ், பெண் பெரியவளானாலும் பிளக்ஸ், கிழவர் செத்தாலும் பிளக்ஸ். ஆகவே வேலைக்குப் பஞ்சம் கிடையாது. அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வந்துபோவார். சமயநல்லூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கம்ப்யூட்டர்தான் அம்மாவின் ஆபீஸ். தல்லாகுளத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் போனில் வேலை சொல்வார், அம்மா முடித்து மெயிலில் அனுப்புவாள். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமா ஆனார்.

வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை, நேரமெல்லாம் நம் கையில் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். உண்மையில் நேரம் மாமாவின் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால் அவர் கையிலும் இல்லை, ஊரில் யார் எப்போது சாகிறார்களோ அவர்கள் கையில் இருந்தது. கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், எடுப்பதற்குள் தெருமுனையில் போர்டு நின்றாக வேண்டும். அதற்கு அடுத்தது கல்யாணம். அதற்கும் பிறகு காதுகுத்து, கிரகப்பிரவேசம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பசிக்குது என்று நான் நின்றால், என் இடம் ஏறக்குறைய கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்தில் வரும். எந்த வேலையானாலும் பத்து நிமிச வேலை என்றுதான் மாமா சொல்வார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான் வீட்டுப்பாடம் எழுதி முடித்து, தூங்கியும் போயிருக்கிறேன்.

அம்மாவை எனக்கு மீட்டுக்கொடுத்தது மின்வெட்டுதான். அந்த வருடங்களில் ஏரியா ஏரியாவாக முறைவைத்துக் கரண்டை நிறுத்துவார்கள். எங்கள் முறை வந்ததும் கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த யுபிஎஸ் கீ கீ என்று கத்தும். அம்மா எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எழுந்து வருவாள். எழுந்து வந்தால் அவள் வேறு ஆள். தலை பின்னிவிடுவாள், வேர்க்கடலை அவித்துத் தருவாள், வகுப்பில் நடந்த சண்டையை நான் ஆரம்பத்திலிருந்து சொன்னால் ஆரம்பத்திலிருந்து கேட்பாள். எனக்கு சைக்கிள் பழக்குவதற்காக சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவருவாள். நடுவில் போன் அடித்தால் மூச்சு வாங்கியபடியே, கரண்ட் இல்லண்ணே, வந்ததும் அனுப்புறேன் என்பாள். மாமா மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவார். கரண்ட் இல்லை என்று சொன்னால் மறுபேச்சு பேச அன்றைக்கு யாராலும் முடியாது.

பிறகு மின்வெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது. ஊரே நிம்மதியடைந்தது. நான் மட்டும் சில மாதங்கள் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி பலகாரம் தின்றேன். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். உள்ளே ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் போயிருச்சு, வா, சைக்கிளை எடு என்றாள். மறுநாளும் போயிருந்தது. அதற்கு மறுநாளும்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டில் டிவி பாடிக்கொண்டிருக்கும். இதற்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முன்பு ஏரியா ஏரியாவாக முறைவைத்தவர்கள் இப்போது வீடு வீடாக வைக்கிறார்கள், நான் பள்ளிவிட்டு வருகிற நேரம் எங்கள் வீட்டு முறை. யுபிஎஸ்கூட இப்போதெல்லாம் கத்துவதில்லை, அதற்கும் பழகிப்போய்விட்டது. இந்த விளக்கத்தை அம்மாவிடம் சொன்னபோது அவள், இருக்கும் என்றாள்.

சில நாள் மாமா போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். அம்மா மேல் சந்தேகம் என்றில்லை, அவசரம்தான். பாப்பா, கரண்ட் வந்துருச்சா என்று கேட்பார். நான் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துவிட்டு, இல்ல மாமா என்பேன்.

மாமா நல்ல மனிதர். வினையே அங்கேதான் இருந்தது. ஒருநாள் நாங்கள் சைக்கிளோடு தெருவில் நிற்கிறோம், ஒரு ஆட்டோ வந்து வீட்டு வாசலில் நின்றது. மாமாவும் ஒரு எலக்ட்ரீசியனும் இறங்கினார்கள். ஆட்டோவுக்குள் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. கடையில் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, தங்கச்சி வீட்டில் தினமும் இப்படிக் கரண்ட் போனால் தொழில் என்னாவது, அதான் கொண்டுவந்தேன் என்றார். அம்மா எதுக்குண்ணே, வேணாம்ணே, இன்னொரு நாள் பாப்போம்ணே என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். அம்மா கூச்சப்படுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நான் எலக்ட்ரீசியன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி, தினமும் போகும், நான் வரும்போது சரியாகப் போகும், இருட்டுவதற்குள் வந்துவிடும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டாக்டர் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடையில் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தார். மெயின் சுவிட்ச் இறங்கியிருந்தது. ஒரு விரலால் அதை மேலே தள்ளினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் கைதட்டினேன்.

எலக்ட்ரீசியன் மாமாவைப் பார்த்தார், மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம்ணே," என்றாள்.

"இதச் சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

"சொன்னேண்ணே. ஆரம்பத்துலயே சொன்னேன். பத்து நிமிசந்தானேன்னு சொன்னீங்க."

மாமாவுக்கு அது ஞாபகத்தில் இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நிமிடம் அம்மாவுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப்பார்க்கிறேன். டிசைன் போடத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். மாமா வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் வீட்டு வாடகையும் என் வேன் பீஸும் அதோடு போச்சு. ஆனால் மாமா கோபப்படவில்லை. இனி பிள்ளை வருகிற நேரத்தில் போன் பண்ணவே மாட்டேன் என்று என் தலையைத் தடவிச் சொன்னார். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோனால் நன்றாக இருக்காது என்று இன்வெர்ட்டரையும் மாட்டச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஒரு வாரம் போல அந்த நேரத்தில் போன் வரவில்லை. பிறகு ஊரில் யாரோ ஒரு பெரியவர் தவறிவிட்டார். நேரம் பார்த்துப் போங்கள் என்று அவரிடம் சொல்ல முடியாதல்லவா, மாமா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அம்மா ஒரு கையில் போனும் ஒரு கையில் சைக்கிள் சீட்டுமாக நின்றாள். கரண்ட் இல்லை என்று இனி சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுத்தவரே அந்தப் பக்கம் பேசுகிறார். சரிண்ணே என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த முறை மாமாவின் தயக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது, அதற்கடுத்த முறை தயக்கமே இல்லை.

வெறும் வாயால் கரண்ட் இல்லை என்று சொன்னால் போதாதா, எதற்கு மெயினையே அணைத்தாள் என்று பிற்பாடு நான் யோசித்திருக்கிறேன். போனை என்னிடம் கொடுத்தால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் என்று தோன்றுகிறது. கரண்ட் இல்லாதது உலகம் ஒப்புக்கொள்கிற காரணம். வீட்டில் பிள்ளை இருப்பது அப்படியில்லை.

பெரியவர் தவறிய அன்று எனக்கு வருத்தமே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது வலிக்கிறது. அந்த நேரத்தில் டிவியில் நல்ல கார்ட்டூன் வரும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். விளம்பரம் போட்டபோது தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா வேலையை அனுப்பிவிட்டு அங்கே வந்து, லைட்டைப் போடாமல் மேடையில் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் கரண்ட் இருப்பதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் எக்கி சுவிட்சைப் போட்டேன்.

"அம்மா, இனிமே நம்ம வீட்டுலயும் கரண்டே போகாதுல்ல?" என்று கேட்டேன்.

"போகாதுடி," என்றாள்.

நல்ல செய்தியை ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விளம்பரம் முடிந்துவிட்டிருந்தது, நான் டிவிக்கு முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.