கரண்டி நிறைய

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் வெங்கடம்மாவுக்கு வயிறு திறந்தது. நகரிக்குப் பக்கத்தில் அவள் ஊர். அது ஆந்திராவிலா, சென்னை ராஜ்யத்திலா என்று டீக்கடையில் தினமும் தொண்டை கிழிந்துகொண்டிருந்த காலம். எல்லை எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பிறக்கிற பிள்ளைக்குத் தன் தம்பி உமாபதியின் கதி வரக்கூடாது. அது ஒன்றுதான் அவள் கவலை.

உமாபதிக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஏறவே இல்லை. பதினேழு வயதில், காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அழுதான். பிறகு தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் திரிந்தான். குடும்ப ரத்தம் என்றது ஊர். கூடப்பிறந்த மற்றவர்களுக்கும் அதே ரத்தம்தானே? உமாபதி வயிற்றில் இருந்தது மழை பொய்த்த வருஷம். போதாததற்கு, எட்டு மாதக்காரி வயிறாரத் தின்றால் பிள்ளை பெருத்துத் தாயைக் கொன்றுவிடும் என்று அம்மாவுக்கு அரைக் கரண்டி களிதான் விழுந்தது. பானையை வழித்து நக்கிய அம்மாவை வெங்கடம்மா கண்ணால் கண்டவள். அதனால்தான் தம்பி இப்படியானான் என்று சத்தியம் செய்ய அவள் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பசி தன் பிள்ளையைத் தொடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள்.

அடுப்படி, புருஷனின் அக்கா சென்னம்மாவின் ராஜ்யம். கெட்டவள் இல்லை. பிரசவத்தில் தங்கையைப் பறிகொடுத்த பயம் அவளுக்கு. எட்டாம் மாதம் வந்ததும் அரைக் கரண்டியோடு நிறுத்தினாள்.

"இன்னும் போடுக்கா."

"போதும்மே. வவுறு முட்டத் துன்னுட்டு உசுர உடவா? இன்னொன்னு, உன் தம்பியாண்ட போவாத. அவன் கையால எதுனா துன்னா கொயந்தயும் அவனாட்டமே ஆயிடும்."

மறுநாள் மதியம் வெங்கடம்மா நேரே பெருமாள் கோயிலுக்குப் போனாள். உமாபதிக்கு அங்கே தினமும் ஒரு தொன்னை புளியோதரை கிடைக்கும்.

"பசிக்குதுடா" என்றாள். அவன் ஒன்றும் கேட்காமல் தொன்னையை அவள் மடியில் வைத்தான். ஊர் பார்க்க உட்கார்ந்து தின்றாள்.

சென்னம்மா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னாடி பண்ணிக்கினு கீற!"

"ஊட்ல வவுறு நெறயப் போடு. இல்லாங்காட்டி தெனம் எனக்கு இங்கதான் சோறு."

அன்று ராத்திரியே கரண்டி நிறைந்தது. உமாபதிக்கும் ஒரு பங்கு எடுத்துப் போனாள் வெங்கடம்மா.

சுகப்பிரசவம். பெண் குழந்தை, அலர்மேல்மங்கை. எல்லை முடிவாகி ஊர் ஆந்திராவிலேயே நின்றது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்குமுன் பதில் சொல்லிவிட்டு, வீட்டில் தமிழில் வாயாடினாள் அந்தப் பெண்.

சில வருஷம் கழித்து, சென்னம்மாவின் மகள் செல்வி எட்டு மாத வயிற்றோடு தாய்வீடு வந்தாள். முதல் வேலையாக சென்னம்மா கூப்பிட்டாள்.

"வெங்கடம்மா, போய் உமாபதிய இட்டா. செல்விக்கும் அவன் கையால ஒரு வாய் போடட்டும். உனுக்கு அதானே பலிச்சிது?"

வெங்கடம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசற்படியைத் தம்பி மிதித்ததில்லை.

"இட்டாறேன். அவனையும் ஒக்கார வெச்சி சோறு போடு" என்றாள். "மொதல்ல அந்தக் கரண்டிய நெறைய மொண்டு செல்வி தட்டுல போடுக்கா."