சங்குப் பாரில் எடுத்த காசு

அன்று என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான். கடலில் எனக்குக் காற்றுக் குழாய் பிடிக்கும் என் மச்சான். நாசரேத்தில் இருந்து வந்த, பழங்காசு பார்க்கும் கல்லூரி டீச்சர். வேறு ஆள் இல்லை.

நான் சங்கு குளிக்கிறவன். சங்குக்கு மணலைக் கிளறும்போது அந்தக் காசு கையில் பட்டது. கப்பல் வாஷர் என்றுதான் நினைத்தேன். ஓட்டை இல்லை. மேலே கொண்டு வந்தேன். மச்சான் புளி போட்டுத் தேய்ப்போம் என்றான். நான் விடவில்லை.

டீச்சர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பச்சை பிடித்த செம்பில் ஒரு கழுத்து தெரிந்தது. பிறகு தலையில் மணி கோத்த பட்டி. பின்பக்கம் ஈட்டியோடு இரண்டு பேர்.

"ரோமாபுரிக் காசு அண்ணாச்சி. ஆயிரத்து அறுநூறு வருசம் இருக்கும். எந்த ராசான்னு சொல்ல முடியாது. எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு."

"தங்கம் இல்லையா?" என்றான் மச்சான்.

"தங்கம்னா நீ என்னைக் கடலுக்குள்ளயே விட்டுட்டு வந்திருப்பல்லா," என்றேன்.

டீச்சர் சிரித்துக்கொண்டே எடை போட்டார், அளந்தார், எழுதினார். அப்புறம் கேட்டார். "எடுத்த இடம்?"

மச்சான் என் கையைப் பிடித்தான். அந்தப் பாறைத்திட்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பார். நல்ல சங்கு கிடக்கும். அங்கே போகும்போது ஜி.பி.எஸ். பெட்டியை அணைத்துவிடுவோம். எவனாவது பெட்டியை நோண்டிப் பார்த்தால் போச்சு. கரையில் இரண்டு அடையாளம் பார்த்துத்தான் நங்கூரம் போடுவோம்.

"தூத்துக்குடிக் கடல்னு போடுங்க டீச்சர்," என்றான்.

"அப்படிப் போட்டா இது இடம் தெரியாத காசு. அங்கன கப்பல் ஏதும் முங்குச்சான்னு பின்னால யாரும் பார்க்க முடியாது. வெளிய அச்சுல தூத்துக்குடிக் கடல்னுதான் வரும். சரியான இடம் பதிவுல மட்டும் இருக்கும்."

மச்சான் என் பக்கம் திரும்பினான். "ஏலே, நீ சொன்னேன்னு வையி, அடுத்த சீசன்ல அங்கன பத்து வள்ளம் நிக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் காசையா அவிச்சுப் போடுவ?"

"நான் எடுத்த காசுலே. எடுத்த இடத்தோடதான் எழுதணும்."

இரண்டு அடையாளத்தையும் சொன்னேன். டீச்சர் எழுதிக்கொண்டார். இங்கே எழுத மாட்டேன்.

"ஆழம்?"

குழாயை எத்தனை பாகம் விட்டோம் என்பது மச்சானுக்குத்தான் சரியாகத் தெரியும்; இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். அவன் சன்னலைப் பார்த்து நின்றான்.  டீச்சர் பேனாவை மூடவில்லை.

சன்னலைப் பார்த்தபடியே மச்சான் சொன்னான்.

"ஒம்பது பாகம்."